கோயில் எடுத்தல்: தமிழகச் சைவ மரபில் திருப்பணியின் உட்பொருள்

சங்கப் பாடல்கள் காட்டும் தெய்வங்களுள் பலவற்றுக்குக் கூரை கிடையாது. அவை மரத்திலும் மலையிலும் நீர்த்துறையிலும் உறைந்தன. ஊர் நடுவே இருந்த பொதியில் என்னும் பொது அம்பலத்தில் நட்ட மரத்தூண் ஒன்று கந்து எனப்பட்டது. தெய்வம் அதில் தங்கியது. காவிரிப்பூம்பட்டினத்தில் அத்தகைய அம்பலம் ஒன்றைப் பட்டினப்பாலை காட்டுகிறது. பகைநாட்டிலிருந்து சிறைபிடித்துக் கொணர்ந்த மகளிர் நீராடி வந்து அங்கே அந்தியில் விளக்கேற்றுகிறார்கள்; மெழுகிய தரையில் பூ இடப்பட்டிருக்கிறது; பலரும் வந்து தொழுகிறார்கள்; வெளியூர்ப் பயணிகள் அங்கேயே தங்குகிறார்கள். வழிபாட்டிடம், சத்திரம், ஊர்மன்றம் மூன்றும் ஒரே இடம்தான்.

இந்தக் காட்சியின் மறுபக்கத்தையும் சங்கப் புலவர்கள் பாடியிருக்கிறார்கள். பகைவரால் பாழான ஊரில் பலி நின்றுபோகிறது. கடவுள் கந்தைக் கைவிட்டுப் போய்விடுகிறது. நரைத்த முதியோர் அமர்ந்து சூதாடிய குழிகளில் காட்டுக்கோழி முட்டையிடுகிறது என்கிறது புறநானூற்றின் 52ஆம் பாடல். அகநானூற்றின் 167ஆம் பாடலில் செங்கல் சுவர் எழுப்பிய அம்பலம் வருகிறது. அங்கும் விட்டம் விழுந்துவிட்டது. எழுதப்பட்டிருந்த கடவுள் நீங்கிவிட்டது. கட்டடம் இருப்பதால் மட்டும் தெய்வம் இருந்துவிடாது என்பது இப்பாடல்களின் அடியில் ஓடும் எண்ணம். மனிதர் விளக்கேற்றிப் பலியிடும் வரை அது தங்கும். அவை நின்றால் எழுந்துபோகும். பிற்காலத்தில் கருங்கல்லும் ஆகமமும் சேர்ந்து உருவாக்கிய பெருங்கோயில் மரபு இந்த எண்ணத்தைக் கைவிடவில்லை. அதைச் சடங்காக ஒழுங்குபடுத்தி வைத்துக்கொண்டது. கோயில் எடுத்தலின் ஆன்மிகப் பொருளை முடிந்து நிற்கும் கட்டடத்தைவிட எடுக்கும் செயலில் தேடுவதே பொருத்தம்.

கல் கோயிலுக்குள் நுழைந்த கதை விழுப்புரம் வட்டாரத்து மண்டகப்பட்டில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு குன்றைக் குடைந்து பிரமன், ஈசன், திருமால் மூவருக்கும் கோயில் செய்தான். விசித்திரசித்தன் என்ற தன் விருதுப்பெயரோடு அவன் வெட்டுவித்த சமஸ்கிருதக் கல்வெட்டு, செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இது ஆக்கப்பட்டது என்று சொல்கிறது. எதனால் கட்டினான் என்பதைவிட எதெல்லாம் இல்லாமல் கட்டினான் என்பதே அவனுக்குப் பெருமை. அதுவரை கோயில்கள் அந்த நான்கு பொருள்களாலேயே எழுந்தன என்பதற்கும் அந்த வரியே சான்று. பெருங்கற்காலப் புதைகுழிகளிலும் இறந்த வீரனுக்கு எடுத்த நடுகல்லிலும் பயன்பட்ட கல்லைத் தெய்வத்தின் வீட்டுக்குப் பயன்படுத்த நெடுங்காலம் தயக்கம் இருந்திருக்கலாம் என்று கட்டடக்கலை ஆய்வாளர்கள் சிலர் கருதியதுண்டு. அது உண்மையானால் மகேந்திரன் செய்தது தொழில்நுட்ப மாற்றம் மட்டுமன்று. சாவின் நினைவுக்கு உரிய பொருளை அழியாமையின் அடையாளமாகத் திருப்பிய செயல்.

அதன்பின் நிலைபேறு கோயிலின் இலக்கணமாகவே ஆயிற்று. கொடைகள் சந்திரனும் சூரியனும் உள்ளவரை செல்வதாகக் கல்வெட்டுகள் எழுதின. பத்தாம் நூற்றாண்டில் கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவி காவிரிக் கரைச் செங்கல் தளிகள் பலவற்றைக் கற்றளிகளாக மாற்றினார். திருக்கோடிகாவில் பழைய கோயிலைப் பிரித்தபோது அதிலிருந்த முந்தைய கொடைக் கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். திருநல்லத்துக் கோயிலைத் தம் பெயரில் அன்றி மறைந்த கணவரின் பெயரில் எடுத்தார். கோயிலின் புண்ணியம் கட்டியவரோடு நின்றுவிடுவதில்லை, அதை இன்னொருவருக்கு அளிக்கலாம் என்ற நம்பிக்கை இதில் தெரிகிறது. சிதைந்த கோயிலைப் புதுப்பிப்பது புதிதாக ஒன்றைக் கட்டுவதைவிடப் பன்மடங்கு பலன் தரும் என்ற கருத்தும் மரபில் வலுவானது. கட்டியவன் பெயர் நிற்க வேண்டும் என்ற ஆசைக்கு இது இயல்பான கடிவாளம்.

கோயில் எடுக்கும் முறையை விரிவாகச் சொல்பவை காமிகம் முதலான சைவாகமங்களும் மயமதம், மானசாரம் போன்ற சிற்ப நூல்களும். வேலை கல்லில் தொடங்குவதில்லை, மண்ணில் தொடங்குகிறது. நிலத்தின் நிறம், மணம், சுவை, தட்டும்போது எழும் ஒலி எல்லாம் பார்க்கப்படும். முழ அளவு குழி தோண்டி, எடுத்த மண்ணை அதிலேயே இட்டு நிரப்பினால் மண் மிஞ்ச வேண்டும், சமமானால் நடுத்தரம், குறைந்தால் அந்த நிலம் ஆகாது. தேர்ந்த நிலத்தில் ஏர் பூட்டி உழுது, தானியம் விதைத்து, விளைந்ததில் பசுக்களை மேயவிடுவார்கள். அங்கே குடியிருக்கும் பூதங்களுக்குப் பலி கொடுத்து வேறிடம் செல்லுமாறு வேண்டுவார்கள். மரம் வெட்டக் காட்டுக்குப் போகும் தச்சனும் அந்த மரத்தில் உறையும் உயிர்களிடம் இதே வேண்டுகோளை வைத்தபின்தான் கோடரியை எடுப்பான். கடவுளுக்கு இடம் அமைப்பவர்கள் முதலில் செய்வது, அந்த இடம் தங்களுக்குமுன் பிறருக்கு உரியதாக இருந்தது என்று ஒப்புக்கொள்வது. நூல்கள் இதை விளக்கிப் பேசுவதில்லை. செய்முறையே பேசுகிறது.

பின்னர் நிலத்தில் முளை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முளையின் நிழல் காலையிலும் மாலையிலும் வட்டத்தைத் தொடும் புள்ளிகளைக் குறித்துக் கிழக்கு மேற்கு கண்டறிவார்கள். சங்குத்தாபனம் எனப்படும் இச்செயலால் கோயில் சூரியனின் போக்கோடு கட்டப்படுகிறது. அடுத்து, தரையில் 64 அல்லது 81 கட்டங்கள் கொண்ட சதுரம் வரையப்படும். முன்னதற்கு மண்டூகம் என்றும் பின்னதற்குப் பரமசாயிகம் என்றும் பெயர். நடுவில் பிரமனுக்கு இடம். சுற்றிலும் மற்றத் தெய்வங்களுக்குப் பதங்கள். தேவர்களால் அழுத்தப்பட்டுக் குப்புறக் கிடக்கும் வாஸ்து புருடன் இந்தச் சதுரம் முழுவதிலும் பரந்திருப்பதாக ஐதிகம். ஒழுங்கற்ற பெருவெளி ஒன்று அளவுக்குள் வந்து, உயிருள்ள உடலாக மாறுவதை இக்கட்டங்கள் குறிக்கின்றன.

இதன்பின் வருவது கருப்பந்நியாசம். முழுச் சடங்குத் தொடரின் மையம் இதுவே எனலாம். செம்பு போன்ற உலோகத்தில் அறைகள் வகுத்த சிறு பேழை செய்து, அதில் பல இடத்து மண், தானியம், மணிகள், உலோகத் துண்டுகள், மூலிகைகள் ஆகியவற்றை முறைப்படி இட்டு, இரவு வேளையில் வாயிலின் ஒருபுறம் அடித்தளத்துக்குள் வைத்து மூடிவிடுவார்கள். பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை. உலகத்தின் விதைகளை எல்லாம் உள்ளடக்கிய கரு அது. அதன்மேல் எழும் கட்டடம் அந்தக் கருவின் வளர்ச்சி. கருவறை இருண்டிருப்பதும், சன்னல் இன்றி ஒரே வாயிலோடு குறுகி இருப்பதும் இந்த நோக்கில் பொருளுடையவை. தொழச் செல்பவர் ஒளிமிக்க வெளியிலிருந்து மண்டபங்கள் வழியே படிப்படியாக இருளுக்குள் போகிறார். அந்த இருளில் ஒரு விளக்கு இருக்கிறது.

வேத வேள்வியின் தொடர்ச்சியே கோயில் என்று ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1946ல் வெளிவந்த தம் இந்துக் கோயில் பற்றிய நூலில் வாதிட்டார். அக்கினிசயனம் என்னும் பெருவேள்விக்குச் செங்கற்களை ஐந்து அடுக்காக, பறவை வடிவில் அடுக்கி மேடை எழுப்புவார்கள். அடியில் பொன்னால் செய்த சிறு மனித உருவை வைப்பார்கள். கோயிலின் முதற்செங்கல் சடங்கையும் கருப்பந்நியாசத்தையும் இதனோடு ஒப்பிடாமல் இருக்க முடியாது. ஆனால் ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்ல வேண்டும். வேள்வி மேடை சடங்கு முடிந்ததும் கைவிடப்படும். கேரளத்துப் பாஞ்ஞாளில் 1975ல் நடந்த அக்கினிசயனத்தின் முடிவில் யாகசாலையையே கொளுத்திவிட்டார்கள். கோயிலோ நிற்பதற்காகக் கட்டப்படுவது. ஒரு முறை செய்து முடியும் வேள்வி, ஒவ்வொரு நாளும் பூசையாகத் தொடரும் வேள்வியாக மாறியிருக்கிறது. வேள்வி செய்விப்பவனுக்கு உரிய எசமானன் என்ற பெயரே கோயில் கட்டுவிப்பவனுக்கும் வழங்குகிறது. சடங்கை நடத்தும் ஆசாரியன், கட்டும் தபதி, பொருள் தரும் எசமானன் மூவரும் சேர்ந்தால்தான் திருப்பணி. எவ்வளவு பெரிய அரசனாக இருந்தாலும் தனியாக அதைச் செய்ய முடியாது.

உயர்ந்து எழும் விமானத்துக்கு அதிட்டானம், கால், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், தூபி என ஆறு அங்கங்கள். பாதம், கால், தோள், கழுத்து, தலை, முடி என்று உடலோடு பொருத்தி இவற்றை விளக்குவது சிற்பிகளின் வழக்கம். கற்களுக்கும் பால் உண்டு. தட்டினால் வெண்கல மணிபோல் ஒலிப்பது ஆண்கல், அதிலிருந்து இலிங்கம். மென்மையான ஒலி தருவது பெண்கல், அதிலிருந்து ஆவுடையார். ஒலியற்றது அடியில் பரப்புவதற்கு. சிற்பம் முடிந்தாலும் அது இன்னும் கல்தான். நீரிலும் தானியத்திலும் கிடத்தி வைத்து, பொன்னூசியால் கண் திறந்து, அட்டபந்தன மருந்தால் பீடத்தில் பொருத்தி, யாகசாலைக் குடத்து நீரை ஊற்றியபின்தான் அது மூர்த்தி. கண்திறப்புவரை கல்லைத் தொட்டுச் செதுக்கிய சிற்பி அதற்குப்பின் அதைத் தொடுவதில்லை. செய்தவனிடமிருந்து செய்யப்பட்டது விலகிச்செல்லும் இந்தக் கணம், திருப்பணியின் ஆன்மிகத்தில் மிகக் கடினமான பகுதி.

தஞ்சைப் பெரிய கோயில் இம்மரபின் உச்சம். சுமார் 60 மீட்டர் உயரும் அதன் விமானத்துக்கான செப்புக் குடத்தை, தன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010ல், முதலாம் இராசராசன் கொடுத்தான். விமானத்துக்குத் தட்சிணமேரு என்ற பெயர் உண்டு. உலகின் நடுவே நிற்பதாகப் புராணங்கள் கூறும் மலையைக் காவிரிச் சமவெளியில் எழுப்பியதாகப் பொருள். இதில் அரசியலும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கோயிலுக்கு இராசராசேச்சரம் என்று தன் பெயரையே சூட்டியவன் அவன். படைவெற்றியில் கொணர்ந்த பொருள் கோயிலுக்குள் சென்றது. கோயில் வழியாக ஊர்களின் நெல்லும் காசும் அரசின் ஒழுங்குக்குள் வந்தன. ஆனால் இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அங்குள்ள கல்வெட்டுகளின் இயல்பு பிடிபடாது. தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர் கொடுத்தவை எல்லாவற்றையும் விமானத்துக் கல்லில் வெட்டுமாறு அரசன் ஆணையிட்டான். அதன்படி குந்தவையின் பொன்னோடு, கோயிற்பணிக்கு அமர்த்திய ஆடல்மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயரும், அவர்கள் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஒருவருக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் பதிவாயின. தலைமைச் சிற்பி குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சனின் பெயரும் அங்கே இருக்கிறது. கணக்குப் புத்தகம்போல் வறண்ட இவ்வரிகள் ஒருவகையில் அடியார் பட்டியல்களே. மேல்தளத்துச் சுற்றில் சிவன் ஆடும் 108 கரணங்களில் 81 மட்டும் செதுக்கப்பட்டு, மீதிக் கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அவ்வளவு பெரிய திருப்பணியும் முற்றிலும் முடிவடையவில்லை.

நிலைபேற்றை இவ்வளவு நாடிய மரபு, இறைவனை அந்தக் கட்டடத்துக்குள் பூட்டிவைக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பழுதுபார்க்க வேண்டி வந்தால் மூர்த்தியின் ஆற்றலைக் கலாகர்ஷணம் என்னும் சடங்கால் குடத்துக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிக இடத்தில் வைத்துப் பூசை செய்கிறார்கள். வேலை முடிந்தபின் குடத்திலிருந்து மீண்டும் மூர்த்திக்கு. பாலாலயத்துக்குப் பழந்தமிழ்ப் பெயர் இளங்கோயில். தேவாரப் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்றே மீயச்சூர் இளங்கோயில் என்று வழங்குகிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு என்ற இன்றைய வழக்கத்திலும் தெய்வம் ஒருமுறை வெளியே வந்து மீண்டும் உள்ளே அழைக்கப்படுகிறது. பலி நின்றால் கந்தைவிட்டுப் போன சங்ககாலத் தெய்வத்துக்கும் இதற்கும் உறவுண்டு. இடையில் நேர்ந்த மாற்றம், போவதும் வருவதும் சடங்கின் பொறுப்பாகிவிட்டது என்பதே.

கட்டுதலின் உட்பொருளை நேராகக் கேள்விக்கு உட்படுத்தும் கதை சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இருக்கிறது. திருநின்றவூர்ப் பூசலார் சிவனுக்குக் கோயில் எடுக்க விரும்பினார். பொருள் திரட்ட எங்கும் அலைந்தும் கிடைக்கவில்லை. ஆகவே மனத்திலேயே கட்டத் தொடங்கினார். அவர் எழுப்பிய கோயிலுக்குக் குடமுழுக்கு நாள் குறித்தபோது, காஞ்சியில் பெருங்கற்றளி எடுத்து முடித்த பல்லவ மன்னனும் அதே நாளைக் குறித்திருந்தான். இறைவன் மன்னன் கனவில் தோன்றி, நாளை நின்றவூர் அன்பன் கோயிலில் புகப்போகிறோம், நீ உன் நாளை மாற்றிக்கொள் என்றார். மன்னன் நின்றவூருக்கு வந்து கேட்டால், அப்படியொரு கோயிலை யாரும் அறியார்.

மனக்கோயில் கற்கோயிலைவிட உயர்ந்தது என்பதற்கான கதையாக இது பொதுவாகச் சொல்லப்படுகிறது. சேக்கிழார் சொல்லும் விதத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்றும் புலப்படும். பூசலார் மனத்தில் ஒரே நொடியில் கோயிலை நினைத்துவிடவில்லை. முதலில் பொருளைச் சிறிது சிறிதாகத் திரட்டுகிறார். தச்சர்களைத் தேடுகிறார். நல்ல நாள் பார்த்து அடிநிலை பாவுகிறார். இரவிலும் உறங்காமல் அடித்தளத்தின் ஒவ்வொரு படையாக அளவு பிசகாமல் எழுப்புகிறார். சிகரம் வைத்து, தூபி நட்டு, சுதை பூசி, கிணறும் குளமும் தோண்டி, மதிலும் எடுத்தபின்தான் பிரதிட்டைக்கு நாள் குறிக்கிறார். ஆகமம் சொன்ன ஒரு படியைக்கூட அவர் தாண்டவில்லை. கல்லும் காசும் மட்டுமே இல்லை. ஆகவே கதையின் எதிர்ப்பு கோயிலின் மீதன்று. காலம், கவனம், முறை, உழைப்பு ஆகியவையே திருப்பணி. கல் அவற்றைத் தாங்கும் பொருள் என்பதே அது சொல்வது. மன்னனும் இதில் இழிவுபடுத்தப்படவில்லை. அவன் கோயிலுக்கும் இறைவன் வருவார், வேறொரு நாளில்.

இக்கதையின் மன்னன் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலை எடுத்த இராசசிம்ம பல்லவன் என்று கருதுவோர், அக்கோயில் கல்வெட்டையே துணைக்கு அழைக்கிறார்கள். முன்யுகத்து அரசர்கள் அசரீரி வாக்கைக் கேட்டது வியப்பன்று, இக்கலியுகத்தில் இவன் கேட்டதே வியப்பு என்ற கருத்து அதில் வருகிறது. சேக்கிழார் எழுதியது பன்னிரண்டாம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில். நான்கு நூற்றாண்டு இடைவெளி இருப்பதால் இரண்டும் ஒரே நிகழ்ச்சி என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஒரு நினைவு தொடர்ந்திருக்கலாம். திருநின்றவூரில் இன்று இருதயாலீசுவரர் என்ற பெயரில் கற்கோயிலும் இருக்கிறது. பூசலார் மனத்தில் கட்டியதை ஊர் கல்லில் கட்டாமல் விடவில்லை.

உடலையே கோயிலாகக் காணும் சிந்தனை சேக்கிழாருக்கும் முற்பட்டது. ஊர் ஊராகச் சென்று கோயில் முற்றங்களில் உழவாரத்தால் புல் செதுக்கிய அப்பர்தான், உடம்பைக் கோயிலாகவும் மனத்தை அடிமையாகவும் வைத்துப் பாடியவரும். புறக்கோயிலைச் சுத்தம் செய்த கைக்கு அகக்கோயில் முரணாகத் தோன்றவில்லை. திருமூலரின் திருமந்திரம் உள்ளத்தைக் கருவறையாகவும் உடலை ஆலயமாகவும் வாயைக் கோபுர வாயிலாகவும் உயிரை இலிங்கமாகவும் புலன்களை விளக்காகவும் விரிக்கிறது. அதே நூல் இன்னொரு பாடலில், படமாடும் கோயிலுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலான அடியாரைச் சேராது, அடியாருக்குக் கொடுப்பதோ இறைவனைச் சேரும் என்று கணக்குத் தீர்க்கிறது. கன்னட நாட்டில் பன்னிரண்டாம் நூற்றாண்டின் பசவண்ணர் இன்னும் ஓரடி போய், நிற்பது அழியும், நடப்பது அழியாது என்ற கொள்கையில் கோயிலையே விட்டு விலகினார். தமிழ்ச் சைவம் அந்த எல்லைக்குப் போகவில்லை. சிதம்பரத்தில் உடற்கோயில் கருத்தையே கட்டடமாக்கிக்கொண்டது. சிற்றம்பலத்துப் பொற்கூரையின் 21,600 ஓடுகள் ஒருநாளைய மூச்சுகள் என்றும், அவற்றைப் பிணைக்கும் 72,000 ஆணிகள் நாடிகள் என்றும் அங்கே சொல்லி வருகிறார்கள்.

உடல் கோயில் என்றால் எல்லா உடலும் கோயில்தானா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. பெரியபுராணத்தில், ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்தார். அவர் கொடுத்தவை உள்ளே போயின. அவர் வாயிலில் நின்றார். திருப்புன்கூரில் நந்தி விலகி வழிவிட்டதும் பார்வைக்குத்தான், காலுக்கு அல்ல. தில்லை என்னும் சிதம்பரத்தில் தீயில் மூழ்கி வேறு உருவம் கொண்டபின்தான் உள்ளே சென்றதாகப் புராணம் முடிகிறது. அவரை நாயன்மாராகப் போற்றிய மரபு, அவர் பிறந்த மக்களுக்குக் கதவைத் திறக்க மேலும் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. 1939 ஜூலை 8 அன்று அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் ஒடுக்கப்பட்டோரும் நாடார் ஒருவரும் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்தார்கள்; அதே ஆண்டில் கோயில் நுழைவுக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தது. பழங்கோயில்களின் ஆன்மிகத்தைப் பேசும் எந்த ஆய்வும் இந்தக் கதவைத் தாண்டிப் போக முடியாது.

மதுரைக் கோயில் நுழைவுக்கு 67 ஆண்டுகளுக்கு முன்பே, 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று, வடலூரில் இராமலிங்க அடிகள் சத்திய ஞான சபையைத் திறந்திருந்தார். எண்கோணக் கட்டடம் அது. கருவறையில் மூர்த்தி இல்லை, ஒளி இருக்கிறது. அதன்முன் ஏழு நிறத்தில் ஏழு திரைகள். திரைகள் அகத்தே உள்ள மறைப்புகள்; அவை நீங்கினால் தெரிவது ஆன்ம ஒளி என்பது விளக்கம். வெட்டவெளியை மறைக்கும் சிதம்பரத்துத் திரையும் திருமூலரின் உடற்கோயிலும் பூசலாரின் மனக்கோயிலும் அங்கே புதிய கட்டடமாகியிருக்கின்றன. உள்ளே வருவதற்குச் சபை வைத்த நிபந்தனை பிறப்பைப் பற்றியதன்று: உயிர்க்கொலையும் புலால் உணவும் தவிர்த்தவராக இருக்க வேண்டும்.